ஆறு மணி அழுகையும் ஆறரை மணி வரவேற்பும்

கேள்வி இது: பிள்ளைக்கு 4 மாதம், தாய்ப்பால் மட்டும்தான். காலையில் நாகர்கோவிலில் தங்கைக்குத் தாலிகட்டு. அன்று சாயங்காலம் ஆறரைக்கு மாப்பிள்ளை வீட்டார் மார்த்தாண்டத்தில் வரவேற்பு வைக்கிறார்கள். காரில் போக வேண்டும். பிள்ளையோ தினமும் ஆறு மணியானால் அழ ஆரம்பித்து எட்டு வரை யார் கைக்கும் அடங்காது. கூடப்பிறந்தவள் நிற்கிற மேடையில் ஏறாமலும் இருக்க முடியாது, பிள்ளையை விட்டுவிட்டும் போக முடியாது. எப்படிச் சமாளிப்பது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மண்டபத்துக்குள் வைத்து அந்த அழுகையை நிறுத்தும் வித்தை யாரிடமும் கிடையாது. பையில் எத்தனை கிலுகிலுப்பை இருந்தாலும் சரி. அன்றைய சாயங்காலம் எப்படிப் போகும் என்பது மத்தியானம் வீட்டில் பிள்ளை எவ்வளவு தூங்கியது என்பதில் இருக்கிறது. மிச்சம், யார் கையில் பிள்ளை எத்தனை மணிக்கு இருக்கும் என்பதை நீங்களும் உங்கள் கணவரும் முன்கூட்டியே பேசி வைப்பதில் இருக்கிறது.

சாயங்கால அழுகை, பிறந்த இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கி ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போகும். மூன்று நான்கு மாதத்தில் தானாகவே தணியும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பிரேசல்டன், தாய்மாரை நாட்குறிப்பு எழுதச் சொல்லி 1962-ல் வெளியிட்ட கணக்கில், ஆறாவது வாரத்தில் ஒரு நாளின் மொத்த அழுகை ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம். அதுவும் மாலையில்தான் குவிந்திருந்தது. உங்கள் பிள்ளை அந்தக் கட்டத்தைத் தாண்டுகிற வயதில் இருக்கிறது. (குறைமாதப் பிள்ளை என்றால் பிரசவத்துக்குக் குறித்திருந்த தேதியிலிருந்து எண்ணுங்கள்.) 4 மாதத்திலும் மணி அடித்தாற்போல ஆறுக்கு அழுகிறதென்றால், பெரும்பாலும் பகல் தூக்கம் பற்றவில்லை என்று பொருள்.

இந்த வயதுப் பிள்ளை ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம்தான் விழித்திருக்கத் தாங்கும். அதைத் தாண்டினால் சோர்ந்து விழும் என்று நினைப்போம். நடப்பது நேர்மாறு, உடம்பு முறுக்கேறும். முதுகை வில்லாக வளைக்கும், மார்பில் வைத்தால் இரண்டு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக் கத்தும். "பால் பத்தல, அதான் பிள்ளை கத்துது" என்று பக்கத்தில் இருக்கிற மாமி சொல்வது சரியாக இந்த இடத்தில்தான். அதற்கு முன்பே அறிகுறி வந்திருக்கும். புருவத்துக்கு மேல் லேசாகச் சிவக்கும், கண் ஒரே இடத்தில் குத்தி நிற்கும், முகத்தை உங்கள் தோளில் தேய்க்கும், காதைப் பிடித்து இழுக்கும். அதைக் கண்ட 10 நிமிடத்துக்குள் இருட்டான இடத்துக்குப் போய்விட்டால் தூங்க வைத்துவிடலாம். அது தப்பினால் அடுத்த ஒரு மணி நேரம் உங்களுடையது இல்லை.

இனி நேரக் கணக்கு. காலைத் தாலிகட்டு முடிந்ததும் முதல் பந்தியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு பன்னிரண்டரைக்குள் வீடு வந்து சேருங்கள். அடைப்பிரதமன் பாயசத்துக்குப் பிறகு உறவுக்காரரோடு நின்று பேசுகிற அந்த ஒரு மணி நேரம்தான் சாயங்காலத்தைக் கெடுக்கும். அறையை இருட்டாக்கி, மின்விசிறியை ஓடவிட்டு, 12.30-க்கும் 2.15-க்கும் இடையில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு தூங்கட்டும். பிறகு விழித்துக் குடித்து விளையாடி, 3.45-க்கு ஒரு தடவை வயிறு நிறையக் குடித்து, 4 மணிக்குக் கார் ஏறட்டும். அடுத்த தூக்கம் வருகிற நேரம் அது. மார்த்தாண்டம் 30 கிலோமீட்டர்தான், ஆனால் பார்வதிபுரம், வில்லுக்குறி, தக்கலை, அழகியமண்டபம் என்று நின்று நின்று போக சாயங்காலம் ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்குங்கள். அந்தப் பயணமே ஒரு தூக்கம். வழியில் விழித்துக்கொண்டு அழுதால் ஓடும் வண்டியில் மடியில் போட்டுப் பால் கொடுக்க வேண்டாம், தக்கலையில் ஓரமாக நிறுத்திக் கொடுங்கள். பிள்ளைக்கான இருக்கை இருந்தால் பின்சீட்டில், பின்னோக்கிப் பார்க்கும்படி மாட்டுங்கள். இல்லாவிட்டாலும் காற்றுப்பை (ஏர்பேக்) உள்ள முன்சீட்டில் மடியில் வைத்து உட்காராதீர்கள். (இரு சக்கர வண்டியில் 9 மாதத்துக்கு மேல் 4 வயது வரையான பிள்ளைக்குத் தலைக்கவசமும் பாதுகாப்புப் பட்டையும் கட்டாயம் என்று விதி இருக்கிறது. 4 மாதப் பிள்ளையோடு இவ்வளவு தூரம் பைக்கில் என்ற பேச்சையே எடுக்க வேண்டாம்.)

ஐந்தேகாலுக்கு மண்டபம் வெறிச்சோடிக் கிடக்கும். பந்தலில் நாற்காலி போடுவார்கள், யாராவது மைக் சோதித்துக்கொண்டிருப்பார்கள். அந்த அமைதிக்காகத்தான் முந்திப் போகச் சொல்கிறேன். பிள்ளை இடத்தைப் பழகிக்கொள்ளும், நீங்கள் மணமகள் அறை எங்கே, கழிப்பறை எங்கே, பக்கவாசல் எங்கே திறக்கிறது, எந்த அறையில் விளக்கை அணைக்க முடியும் என்று பார்த்து வைத்துக்கொள்ளலாம். மணமகள் அறை ஒப்பனை, மூட்டை, ஆள் என்று நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். மாப்பிள்ளை வீட்டாரில் பொறுப்பான ஒருவரிடம் முந்தின நாளே, "அண்ணே, பிள்ளைக்குப் பால் கொடுக்க ஒரு தனி ரூம் வேணும்" என்று சொல்லிவையுங்கள். சாமான் வைக்கிற அறை கிடைத்தாலும் போதும், கதவு சாத்தினால் சரி.

அழைப்பிதழில் ஆறரை என்றால் பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையேற ஏழு ஏழேகால் ஆகும். பிள்ளை 5.15-க்கு விழித்திருந்தால் அதற்குள் அதன் நேரம் முடிந்துவிடும். அதனால் பிள்ளையோடு எடுக்கும் படத்தை மேடைக்கு விடாதீர்கள். ஆறு மணிக்கு தங்கை அலங்காரம் முடிந்து அறையில் இருக்கும்போதே போட்டோகிராபரை அழைத்து, நீங்கள், உங்கள் கணவர், பிள்ளை, மணமக்கள் என்று நாலு படம் எடுத்துவிடுங்கள். வெளிச்சமும் நன்றாக இருக்கும், கூட்டமும் இருக்காது. ஃபிளாஷ் கண்ணைக் கெடுத்துவிடாது, ஆனால் திடுக்கிட வைக்கும். பிள்ளையின் முகத்துக்கு நேராக இல்லாமல் கூரையைப் பார்த்து அடிக்கச் சொன்னால் செய்வார்கள். பட்டுப் பாவாடையோ குட்டி வேட்டியோ, படம் எடுக்கும் 10 நிமிடத்துக்கு மட்டும், உள்ளே பருத்திச் சட்டையோடு. வலைத்துணியும் சமிக்கியும் கழுத்திலும் கக்கத்திலும் அரிக்கும், அதற்கே பாதி அழுகை.

6.40-க்கு அறைக்குத் திரும்பி, பால் கொடுத்து, பிள்ளையை ஒரு குட்டித் தூக்கம் போட வையுங்கள். அப்பாவோ சித்தியோ அங்கேயே இருக்கட்டும். நீங்கள் ஏழேகாலுக்கு வெறுங்கையோடு மேடையேறித் தங்கை பக்கத்தில் நிற்கலாம். எட்டேகாலுக்கு வண்டி எடுக்க வேண்டும். இதில் அரை மணி அங்குமிங்கும் போகும், அது இயல்பு. வரிசை மாறாமல் இருந்தால் போதும்.

உடை விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் பலரும் கோட்டைவிடுவது இதில்தான். பட்டு கட்டுங்கள், ஆனால் ரவிக்கையை இன்றே எடுத்துப் பாருங்கள். கல்யாணத்துக்கென்று தைக்கும் டிசைனர் ரவிக்கைகள் பலவற்றுக்குக் கொக்கி முதுகில் இருக்கும், போதாக்குறைக்குக் கயிறும் குஞ்சமும். அதைப் போட்டுக்கொண்டு பால் கொடுக்க முடியாது. தையல்காரரிடம் முன்கொக்கி வைக்கச் சொல்லுங்கள், மார்புச் சுற்றில் இரண்டு விரல் தளர்வும் கேளுங்கள், சாயங்காலத்துக்குள் பால் கட்டினால் தேவைப்படும். உள்ளே பால் உறிஞ்சும் பஞ்சுப்பட்டை இரண்டு ஜோடி. முந்தானை மடிப்பைக் குத்துகிற ஊக்கு, பிள்ளை தலை சாய்க்கிற அதே இடது தோளில்தான் வரும். அதைத் தோளுக்குப் பின்னால் முதுகுப் பக்கம் நகர்த்திக் குத்துங்கள். பட்டு வழுக்கும், சரிகை கன்னத்தில் கீறும். அதனால் பிள்ளையை வாங்கும் முன் தோளிலிருந்து மடி வரை ஈரிழைத் துவர்த்து (பருத்தித் துண்டு) ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். நாலைந்து தடவை துவைத்துப் பழசானதாக இருக்கட்டும். காசுமாலை, நீளச் சங்கிலி எல்லாம் மேடை நேரத்துக்கு மட்டும். தலை நிறைய தோவாளைப் பிச்சி வைத்தால் பிள்ளை கைக்கு எட்டாதபடி பின்னலுக்குள் செருகுங்கள், பிய்த்து வாயில் போடும். பிள்ளைக்குப் போட்ட தங்க வளையையும் கறுப்பு மணியையும் வீட்டிலேயே கழற்றி வைப்பது நல்லது.

சத்தம். நம்மூர் வரவேற்பில் வாசலில் சிங்காரி மேளம், உள்ளே ஆர்கெஸ்ட்ராவோ டிஜேயோ, மாப்பிள்ளை இறங்கும்போது வெடி. பெரியவர்களுக்கே 85 டெசிபெலில் 8 மணி நேரம்தான் வரம்பு, அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் தாங்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல் என்றால் கால் மணி நேரம். பிள்ளையின் காதுக்குழாய் சிறியது, உச்சத்தாயிச் சத்தம் அதில் இன்னும் ஓங்கிக் கேட்கும். அளக்கக் கருவி வேண்டாம். கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அங்கே பிள்ளையோடு நிற்கக்கூடாது. காதில் பஞ்சு வைப்பது ஏறக்குறைய வீண், சின்ன அடைப்பான்கள் கழன்று வாய்க்குப் போகும். தலையைச் சுற்றிப் பட்டையோடு வருகிற குழந்தைக் காதுமூடியை வாங்கி, ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டில் தினம் 5 நிமிடம் போட்டுப் பழக்குங்கள். அன்று புதிதாய்ப் போட்டால் அதற்கே ஒரு அழுகை. ஒலிபெருக்கிப் பெட்டிக்கு நேர் எதிரே உட்காராதீர்கள், அதற்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ சத்தம் குறைவு. மேளம் வாசலுக்கு வரும்போது பிள்ளை உள்ளறையில் இருக்க வேண்டும். எல்லாரும் வாசலுக்கு ஓடுவார்கள், ஓடட்டும்.

பந்தியில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். பரிமாறுகிறவர் ஆவி பறக்கும் சாம்பார் வாளியோடு உங்கள் தோளுக்கு மேல் குனிவார். பிள்ளை இலையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் சூடான ரசம் அதன் தொடைமேல். ஒருவர் சாப்பிட ஒருவர் வைத்திருப்பதுதான் முறை, முதலில் பால் கொடுக்கிறவர் சாப்பிடட்டும். மீறிச் சுடுநீரோ குழம்போ பட்டால் துணியைக் கழற்றி, ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். எண்ணெய், பற்பசை, மாவு எதையும் பூசாமல் மருத்துவரிடம் போங்கள். நீங்கள் என்ன சாப்பிடலாம் என்றால், எல்லாம் சாப்பிடலாம். அவியலும் ரசவடையும் தின்றதால் பாலில் வாயு ஏறாது, வாயு உங்கள் குடலோடு சரி.

சொந்தக்காரர்களைச் சமாளிப்பது தனி வேலை. யாராவது விரலில் பாயசத்தைத் தொட்டு நாக்கில் வைக்க வருவார்கள். 6 மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம், தேன் ஒரு வயது வரைக்கும் கூடாது, அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் பிள்ளைக்கு வாதம்போல் தளர்ச்சியைக் கொண்டுவரும். "டாக்டர் எதுவும் கொடுக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்கார் அத்தை" என்ற ஒரே வாக்கியத்தை வைத்துக்கொள்ளுங்கள், வாதாட வேண்டாம். தூங்குவதற்கு ஜாதிக்காய் உரைத்துத் தடவு, வசம்பு கொடு என்பார்கள். ஜாதிக்காய் அளவு மீறினால் நஞ்சு, அளவு என்று எதுவும் பிள்ளைக்கு வகுக்கப்படவில்லை. தூக்கம் வர சளி மருந்துத் துளி விடுவது அதைவிட மோசம். கண்ணேறு பட்டுவிடும் என்று கன்னத்தில் பொட்டு வைத்தால் வைத்துவிட்டுப் போகட்டும், கண்ணுக்குள் மை வேண்டாம், மிளகாய் சுற்றிப் போடும் புகை பிள்ளை பக்கம் வரவும் வேண்டாம். முத்தம் கொடுக்க வருகிறவர்களிடம் பாதத்தை நீட்டிக்கொடுங்கள். வாய்ப்புண்ணும் சளியும் இருக்கிறவர் முகத்தோடு முகம் வைப்பதிலிருந்து அது தப்பிக்கும், மனமும் நோகாது.

கைமாற்றுவதையும் வாய்விட்டுச் சொல்லிச் செய்யுங்கள். உங்கள் கணவர் அந்த வீட்டுக்குச் சம்பந்தக்காரர். மொய் எழுதுகிற மேசையிலிருந்து பந்தி வரை எல்லாரும் அவரைக் கூப்பிடுவார்கள். "இனி அரை மணி நேரம் பிள்ளை உங்ககிட்ட, நான் மேடைக்குப் போறேன்" என்று சொல்லி, அவர் சரி என்று சொன்ன பிறகே நகருங்கள். பிள்ளை காணாமல் பதறுவது பெரும்பாலும் மாமியிடம் இருக்கும் என்று மைனியும் (அண்ணி) மைனியிடம் இருக்கும் என்று மாமியும் நினைத்துக்கொண்டிருக்கும்போதுதான். பிள்ளைக்கு ஏற்கெனவே பழகிய ஒரே ஒருவரை, பாட்டியோ சித்தியோ, மாற்று ஆளாக வைத்துக்கொண்டால் போதும். பத்து கை மாறினால் பிள்ளை களைத்துவிடும்.

இவ்வளவும் செய்தும் அழுதால்? உட்கார்ந்த இடத்திலேயே ஆட்டிக்கொண்டிருக்காமல் எழுந்து அறைக்குப் போங்கள். விளக்கை அணையுங்கள். டயப்பர், பிறகு பிடரியைத் தொட்டுச் சூடா குளிரா (கை கால் சில்லிட்டிருப்பது கணக்கில்லை), பிறகு துணிக்குள் ஊக்கு, லேபிள், கடைசியாகக் கால் விரல்கள். உங்கள் தலைமுடி ஒன்று சிறுவிரலைச் சுற்றி இறுகினால் பிள்ளை நிறுத்தாமல் அழும், பார்த்தால்தான் தெரியும். எதுவும் இல்லையென்றால் பிள்ளையைக் குப்புற உங்கள் முன்கையில் கிடத்துங்கள். தலை முழங்கை மடிப்பில், வயிறு கையின்மேல், உங்கள் உள்ளங்கை அதன் இரு தொடைக்கும் நடுவே. மறு கை முதுகில். வாயால் உஸ்ஸ் என்று அழுகைக்குச் சற்றே தாழ்ந்த சத்தம். நடங்கள், நின்று ஆட்டாதீர்கள். ஜப்பானில் ரிக்கென் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2022-ல் வெளியிட்ட ஆய்வு, அழும் பிள்ளையைத் தூக்கி 5 நிமிடம் நிற்காமல் ஒரே சீராக நடந்துவிட்டு, தூங்கியபின் 5 முதல் 8 நிமிடம் மடியிலேயே வைத்திருந்து அப்புறம் கிடத்தச் சொல்கிறது. கண் மூடியதும் கீழே போட்டால் முதுகு தொட்ட உடனே விழிக்கும், எல்லா வீட்டிலும் நடப்பதுதான். கிடத்துவது தரையில், பாயில், மல்லாக்க. தலையணை வேண்டாம். ஜன்னல் கம்பியிலோ மின்விசிறிக் கொக்கியிலோ சேலைத் தொட்டில் கட்டாதீர்கள், அது எவ்வளவு பாரம் தாங்கும் என்று மண்டபத்தில் யாருக்கும் தெரியாது.

உங்களுக்கே பொறுமை கைமீறுகிறது என்று தோன்றினால் பிள்ளையைப் பாயில் மல்லாக்கப் போட்டுவிட்டு, கதவருகே 5 நிமிடம் நின்று மூச்சு வாங்குங்கள். அழுவதால் ஒன்றும் ஆகாது. பிடித்து உலுக்கினால் மூளைக்குள் ரத்தம் கசியும்.

அரை மணி நேரம் அறையில் இருந்தும் அடங்கவில்லையென்றால் வீட்டுக்குக் கிளம்புங்கள். பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம், தொடைக்கவட்டில் புடைப்பு, பால் அடியோடு மறுப்பது, துணிபோல் துவண்டு கிடப்பது, இதுவரை கேட்காத கீச்சுக் குரலில் விடாத அழுகை, இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டுக்கல்ல, மருத்துவமனைக்கு. மூன்று மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் வந்தாலே போதும், காத்திருக்கக்கூடாது. வழியில் தக்கலை அரசு மருத்துவமனை, நாகர்கோவிலில் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இன்னொன்று: 14 வாரத் தடுப்பூசி பாக்கி இருந்தால் கல்யாணத்துக்கு முந்தின நாள் போட்டுவிட்டு மறுநாள் மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். காய்ச்சலும் சிணுங்கலும் ஒன்றிரண்டு நாள் இருக்கும். கொஞ்சம் முந்தியே போட்டுவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

பிள்ளையை வீட்டில் பாட்டியிடம் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போவதும் ஒரு வழிதான். ஆனால் பாலாடையில் (பால் புகட்டும் மூக்குக் கிண்ணம்) குடிக்க இரண்டு வாரம் முன்பே பழக்கியிருக்க வேண்டும். பிழிந்த பால் 25 டிகிரி அறையில் 4 மணி நேரம் தாங்கும், நம்மூர் வெக்கைக்கு அதை நம்பாமல் ஃபிரிட்ஜில் வைத்து, வேண்டிய நேரத்தில் வெந்நீர்க் கிண்ணத்தில் இறக்கிச் சூடாக்கட்டும். நேரே அடுப்பில் வேண்டாம். நீங்களும் மண்டபத்தில் 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை பிழிந்துவிடுங்கள், இல்லையென்றால் கட்டிக்கொண்டு காய்ச்சலடிக்கும்.

6 மாதம் கடந்த பிள்ளை வைத்திருக்கிறவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால்: நன்கு பழுத்த மட்டிப்பழம் இரண்டு, ஒரு கரண்டி, அது போதும். ஏத்தன்காய் (நேந்திரங்காய்)ப் பொடிக் கஞ்சி வீட்டில் பழகியிருந்தால் மட்டும் சின்ன பிளாஸ்கில். அந்த வயதில் விழித்திருக்கும் நேரம் இரண்டரை மூன்று மணி ஆகிவிடுவதால் கணக்கும் எளிது.

பையில்: டயப்பர் 4, துவர்த்து 3, மாற்றுச் சட்டை 2, உங்களுக்கு ஒரு பருத்திச் சுடிதார் (சேலையில் பால் கக்கினால் திரும்பும் வழிக்கு), ஈரத்துணியும் ஒரு பாலித்தீன் பையும், கொசுவுக்குக் குடை வலை. மழைக்காலமென்றால் பெரிய குடை ஒன்று, காரிலிருந்து வாசல் வரைக்கும். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. அவ்வளவுதான், மற்றதெல்லாம் சுமை.

வண்டி நிறுத்துவதில் ஒரு கவனம். மண்டபத்தில் முதலில் போன கார் கடைசியில்தான் வெளியே வரும், பின்னால் நாலு வரிசை அடைத்துவிடும். காவலாளியிடம் "எட்டு மணிக்கு எடுக்கணும், கைப்பிள்ளை இருக்கு" என்று சொல்லி வாசலைப் பார்த்து ஓரமாக நிறுத்துங்கள், அல்லது தெருவில் போட்டுவிட்டு 100 அடி நடங்கள். தங்கையிடம் எட்டேகாலுக்குக் கிளம்புவதை முந்தின நாளே சொல்லிவிடுங்கள், அந்த நேரத்தில் மேடையில் தேட வேண்டாம். நீங்கள் பந்திக்கு உட்கார முடியாமல் போனால் சாப்பாட்டைக் கட்டிக்கொடுக்கச் சொல்லுங்கள். பால் கொடுக்கிற பெண் வெறும் வயிற்றோடு ஒன்றேகால் மணி நேரம் பயணம் செய்யக்கூடாது.

வீடு சேரும்போது பிள்ளை காரிலேயே தூங்கியிருந்தால் துணி மாற்றி எழுப்பாதீர்கள். டயப்பர் நனைந்திருந்தால் மட்டும் விளக்குப் போடாமல் மாற்றுங்கள். மறுநாள் மறுவீட்டுக்கு வரச்சொல்லி காலையிலேயே போன் வரும். பிள்ளை எழுந்து ஒன்றரை மணி நேரத்தில் போடும் முதல் தூக்கம் முடிந்த பிறகு, பதினொன்றரைக்கு வருகிறோம் என்று சொல்லுங்கள்.